டேப் பிளாக்கில் துணை மருந்து: டெக்ஸாமெத்தசோனா, டெக்ஸ்மெடிடோமிடினா?

டேப் பிளாக் (TAP block) என்பது, வயிற்று அறுவைக்குப் பிந்தைய வலியைக் குறைப்பதற்காக, வயிற்றுச் சுவரின் உட்சாய்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் இடையே ஓடும் நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தும் முறையாகும். 2001-இல் விவரிக்கப்பட்ட இம்முறையில் பியூபிவக்கேன் என்ற மரப்பு மருந்தை மட்டும் செலுத்தினால், அதன் பலன் பெரும்பாலும் அரை நாளுக்குள் தீர்ந்துவிடுகிறது. காலையில் அறுவை முடிந்தவருக்கு, வார்டில் ஆள் குறைந்திருக்கும் இரவு வேளையில் வலி திரும்புகிறது. அளவைக் கூட்டியும் சமாளிக்க முடியாது. 0.25 சதவீத பியூபிவக்கேனை இருபுறமும் 20 மில்லி வீதம் செலுத்தினாலே 100 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடைப்பிடித்தால், 50 கிலோ எடையுள்ளவருக்கு அதுவே எல்லை. மரப்பு மருந்தோடு சேர்த்து அதன் பலனை நீட்டிக்கும் துணை மருந்தைத் தேடுவது இதனால்தான்.

ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன் 4 முதல் 8 மில்லிகிராம் வரை சேர்க்கப்படுகிறது. அது தூக்கக் கலக்கம் தருவதில்லை. குமட்டலையும் வாந்தியையும் அடக்குகிறது. வயிற்றில் தையலோடு ஓங்கரிப்பவர் படும் பாட்டைப் பார்த்தவர்கள் இதைச் சிறிய பலனாகக் கருதமாட்டார்கள். இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது இதன் முக்கியக் குறை. மற்றொரு மரப்பு மருந்தான ரோபிவக்கேனுடன் ஒரே சிரிஞ்சில் கலந்தால் படிகங்கள் உருவாகக்கூடும் என்பதால், அந்தச் சேர்க்கையைத் தவிர்ப்பதே நல்லது.

மயக்கமூட்டி வகையைச் சேர்ந்த டெக்ஸ்மெடிடோமிடின் (கிலோவுக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம்) சர்க்கரையை அப்படி ஏற்றுவதில்லை, வலி நிவாரண நேரத்தையும் நீட்டிக்கிறது. ஆனால் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கி, தூக்கக் கலக்கத்தையும் தருகிறது. வயிற்றுக்குள் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று கூர்ந்து கவனிக்க வேண்டிய முதல் சில மணி நேரத்தில், அழுத்தம் இறங்கியது மருந்தாலா கசிவாலா என்ற ஐயம் எழுவதையே இதன் பெரிய சிக்கலாக நான் கருதுகிறேன்.

நீடிக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, தோள்பட்டை நரம்புப் பின்னல் தடுப்புகளில் நடந்த ஆய்வுகளை ஒப்பிட்டபோது டெக்ஸாமெத்தசோன் வலி நிவாரணத்தை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கூடுதலாக நீட்டித்தது. அதை அப்படியே வயிற்றுச் சுவருக்குப் பொருத்திவிட முடியாது. உள்ளுறுப்பு வலியை இந்த பிளாக் தொடுவதேயில்லை என்பதால், எந்தத் துணை மருந்தைச் சேர்த்தாலும் பாராசிட்டமால் போன்றவற்றை நேரந்தவறாமல் கொடுத்தாக வேண்டும்.

டெக்ஸாமெத்தசோனை நரம்பருகே செலுத்துவதற்கும் நரம்புத் தடுப்போடு சிரை வழியாகக் கொடுப்பதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. நரம்பருகே செலுத்துவது அம்மருந்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடும் அல்ல. ஆகவே என் தேர்வு, பிளாக்கில் பியூபிவக்கேனை மட்டும் செலுத்திவிட்டு, வாந்தித் தடுப்புக்காக எப்படியும் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோனைச் சிரை வழியாகவே கொடுப்பதாகும். சர்க்கரை கட்டுக்குள் வராத நோயாளிக்கு, இதயத்துடிப்பு சீராக இருந்து, இரவு முழுவதும் மானிட்டரில் வைத்துப் பார்க்கவும் முடியுமானால், டெக்ஸ்மெடிடோமிடினைக் குறைந்த அளவில் சேர்க்கலாம்.