இனவிருத்தி மூலிகைப் பொடி: 17,600 ரூபாய் போச்சு, கோழி வளர்ப்பவர்கள் உஷார்

நேற்று ராத்திரி இன்குபேட்டரில் ஏழாம் நாள் முட்டைகளுக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். 180இல் 97 கூமுட்டை. கரு பிடித்திருந்தால் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். இவற்றில் ஒன்றுமில்லை, விளக்கெண்ணெய் மாதிரி தெளிவாக இருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

60 பெட்டை, 6 சேவல், எல்லாம் நாட்டுக்கோழி. தை மாசத்திலிருந்தே பத்துக்கு மூன்று கூமுட்டை. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம். அசுவகந்தா, பூனைக்காலி விதை, தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த இனவிருத்திப் பொடியாம். சும்மா விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். எடுத்தவர் விலையே பேசவில்லை. "ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டைங்கண்ணா?" என்றார். பத்து என்றேன். "சரியாத்தான் வெச்சிருக்கீங்க, அதுக்கு மேல போனாத்தான் தப்பு."

அங்கேதான் விழுந்தேன். தொழில் தெரிந்த ஆள் என்று நம்பிவிட்டேன். ஒரு மண்டலத்துக்கு 16 கிலோ, கிலோ 1,100. 17,600 ரூபாயை அந்த நிமிஷமே ஜிபேயில் போட்டேன். பில்கூடக் கேட்கவில்லை.

"வேற எதுவும் கலக்காதீங்க, மூலிகை முறிஞ்சிரும்" என்றதால் வழக்கமாகப் போடும் தாது உப்பையும் கிளிஞ்சல் தூளையும் நிறுத்தினேன். இருபதே நாளில் ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே முட்டை விரிசல் விட்டது.

போன் செய்தால் "மூலிகைங்கண்ணா, மெதுவாத்தான் வேலை செய்யும்". அப்புறம் "வெயில் காலங்கண்ணா". அதற்கும் அப்புறம் "உங்க தீவனம் சரியில்லைங்க". பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அண்ணன் போய் 'சார்' ஆகிவிட்டேன். இப்போது பிளாக்.

மிச்சப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். தவிடு மிதந்தது, மஞ்சள் அடியில் தங்கியது. இதற்கா 17,600?

கால்நடை மருந்தக டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சேவலுக்கு என்ன வயசு?" நாலு வருஷம். "கிழட்டுச் சேவலை மாத்தாம பொடி போட்டு என்னங்க ஆகும்?" என்றார். அந்த ஆள் எல்லாம் கேட்டார், இதை மட்டும் கேட்கவில்லை. 17,600க்கு ஆறு சேவலும் வாங்கி, மிச்சத்தில் தீவனமும் இறக்கியிருக்கலாம்.

மூலிகையே பொய் என்று சொல்ல வரவில்லை. என் அம்மா கீழாநெல்லியும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டுத்தான் கோழி வளர்த்தார்.

சரி, பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். பாக்கெட்டில் முகவரி, தேதி இல்லையென்றால் பிரிக்காதீர்கள். முதலில் ஒரு கிலோ வாங்கி நாலு பெட்டைக்குப் போட்டுப் பாருங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. விடிந்ததும் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் இந்த 97ஐயும் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.