போர் போடும் முன் புவன் தளம்: தருமபுரி, கிருஷ்ணகிரி நிலங்களுக்கு ஒரு மதிப்பீடு

இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்தும் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தை, ஊத்தங்கரைப் பக்கம் புன்செய் வைத்திருப்பவன் என்ற முறையில், ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் பார்க்கத் தக்கதா என்ற ஒரே கேள்வியோடு பயன்படுத்தினேன். கட்டாயம் பார்க்கத் தக்கது. ஆனால் போர் வண்டியை எந்த இடத்தில் நிறுத்துவது என்று அது சொல்லாது.

நம் இரு மாவட்டங்களும் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் போன்ற கடினப்பாறைகளின் மேல் அமைந்தவை. நீர் தங்குவது மேலே சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் என்பதால், வரப்புக்கு இந்தப் பக்கம் நீர் கிடைக்கும்போது அந்தப் பக்கம் வெறும் புழுதி பறக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உதவுவது புவனில் உள்ள நிலத்தடி நீர்வள வாய்ப்பு வரைபடம். பாறையின் வகை, நில அமைப்பு, பிளவுகள் ஓடும் திசை ஆகியவற்றை ஒன்றாக வைத்து நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வகைக் கிணறு பொருந்தும், எவ்வளவு ஆழம் போக வேண்டியிருக்கும், நிமிடத்துக்குச் சுமார் எத்தனை லிட்டர் எதிர்பார்க்கலாம், மழைநீரை நிலத்தடியில் இறக்கிச் செறிவூட்ட எந்த அமைப்பு ஏற்றது என்றெல்லாம் அது குறிப்பிடுகிறது. நீரோட்டம் பார்ப்பவர் சொல்வதை மட்டும் நம்பிப் பெருந்தொகையைப் பாறையில் இறக்கும் குடும்பங்களுக்கு இது இலவசமாகக் கிடைப்பது பெரிய செய்தி என்றே கருதுகிறேன்.

எல்லையும் தெளிவானது. இவ்வரைபடம் 1:50,000 அளவில் தயாரிக்கப்பட்டது. இதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு ஏக்கர் நிலம் முழுவதும், பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கொண்ட ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும். திரையில் பெரிதாக்கினாலும் நுணுக்கம் கூடுவதில்லை. ஆகவே நம் நிலம் எந்த வகைப் பகுதியில் விழுகிறது என்பதை மட்டும் இதில் அறிந்துகொண்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்க, தரைக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் உள்ள மண், பாறையின் மின்தடையை அளக்கும் ஆய்வைச் செய்துகொள்வதே முறை. கிடைக்கும் நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்பதையும் ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தச் சிக்கலால்தான்.

ஏரிப் பாசனச் சங்கங்களுக்கு நான் பரிந்துரைப்பது நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும், கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவு. பதிவு செய்துகொண்டால் இலவசமாகத் தரவிறக்கலாம். கியூஜிஐஎஸ் என்ற கட்டணமில்லா மென்பொருளில் அதைத் திறந்தால், ஓர் ஏரிக்கு நீர் வரும் பரப்பையும் ஓடைகளின் போக்கையும் வரைந்தெடுக்க முடிகிறது. ஏறக்குறைய 30 மீட்டர் கட்டங்களாக இருப்பதால் சிறு வாய்க்கால்கள் இதில் தெரியாது.

நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் நான் பார்த்தவை 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளுக்கு உரியவை. ஒப்பிட்டுப் பார்க்க நல்லவை; இன்றைய நிலவரத்துக்குப் போதாதவை. குறியீட்டு விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் எனக்குப் பெருங்குறை: யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்கள் படித்தவர் ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. சிறிய கைப்பேசித் திரையிலும் இது வசதியாக இல்லை. கணினியில் பார்ப்பதே நல்லது.

எல்லைத் தகராறுக்கு இதைச் சான்றாகக் காட்டக் கூடாது. அதற்குத் தமிழக அரசின் இணையச் சேவையில் கிடைக்கும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும், தேவையானால் நில அளவரின் நேரடி அளவீடுமே உரியவை. பாறையைப் பற்றி இன்னும் ஆழமாக அறிய விரும்புவோர், இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் தளத்தில் அதே 1:50,000 அளவிலான புவியியல் வரைபடத்தை எடுத்து, புவன் காட்டும் பிளவுக் கோடுகளோடு பொருத்திப் பார்க்கலாம்.