நிஃப்டி இறங்கும் என்று நினைத்தால்: ஷார்ட்டா, புட்டா?

2024 மே 31, வெள்ளிக்கிழமை. 50 பெரிய பங்குகளின் குறியீட்டெண்ணான (இண்டெக்ஸ்) நிஃப்டி 22,530இல் முடிந்தது. எக்ஸிட் போல் குஷியில் திங்களன்று 733 புள்ளி ஏற்றம். தேர்தல் முடிவு வந்த செவ்வாயன்று 1,379 புள்ளி சரிவு. அதே வார வெள்ளிக்குள் விழுந்ததெல்லாம் திரும்பிவிட்டது. இறக்கத்தில் பந்தயம் கட்டும் வழிகளை உரசிப் பார்க்க இதைவிட நல்ல வாரம் கிடைக்காது.

ஃபியூச்சர் என்பது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம்; ஷார்ட் என்றால், விலை இறங்கும் என்று முதலில் விற்றுப் பிறகு வாங்குவது. மே 31 அன்று நிஃப்டி ஃபியூச்சரை ஷார்ட் செய்தவரின் கணிப்பு சரிதான். ஆனால் அந்த 733 புள்ளி நஷ்டம் திங்கள் மாலையே, லாப நஷ்டத்தை அன்றன்றே தீர்க்கும் எம்டிஎம் கணக்கில் கழிந்துவிடும். பிணையாகக் கட்டும் மார்ஜினுக்கு மேல் பணம் வைக்காதவரின் பொசிஷனை புரோக்கரே மூடிவிடுவார். செவ்வாய்ச் சரிவை அவர் வேடிக்கைதான் பார்த்திருப்பார். போதாக்குறைக்கு, 2024 நவம்பரிலிருந்து புதிய இண்டெக்ஸ் காண்ட்ராக்ட்டின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய் என்று சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி உயர்த்திவிட்டது. சிறு முதலீட்டாளருக்கு இது ஒத்துவராது.

புட் என்பது குறிப்பிட்ட விலையில் (ஸ்டிரைக்) விற்கும் உரிமையைத் தரும் ஆப்ஷன்; அதற்குக் கட்டும் விலைதான் பிரீமியம். புட் வாங்கியவருக்கு அந்தத் திங்கட்கிழமைத் தலைவலி இல்லை. கட்டிய பிரீமியத்துக்கு மேல் ஒரு பைசா போகாது. சிக்கல் வேறு இடத்தில். எல்லோரும் பயந்திருக்கும்போது பிரீமியமும் உப்பிக் கிடக்கும். பயம் தணிந்தால், நிஃப்டி அசையாமல் நின்றாலும் புட் கரையும். ஒரு வாரத்தில் காலாவதியாகும் வாராந்திர புட் மலிவாகத் தெரியும், ஆனால் சரிவு ஒரு நாள் தாமதமானாலும் கதை முடிந்தது. என் ஓட்டு மாத எக்ஸ்பைரிக்கு (காலாவதிக்கு), அதையும் ஸ்பிரெட்டாக: மேல் ஸ்டிரைக் புட்டை வாங்கி, கீழ் ஸ்டிரைக் புட்டை விற்பது. லாபத்துக்கு உச்சவரம்பு விழும், சரி. பிரீமியச் செலவு கணிசமாகக் குறையுமே. விற்ற புட்டுக்காக மார்ஜின் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இண்டெக்ஸ் இறங்கினால் ஏறும் ஃபண்டான, அமெரிக்காவில் உள்ள இன்வர்ஸ் ஈடிஎஃப் இந்தியச் சந்தையில் கிடையாது. பெரிய இழப்பில்லை. தினமும் புதிதாகக் கணக்குத் தொடங்கும் ஃபண்ட் அது. இண்டெக்ஸ் 100இலிருந்து 90க்குப் போய் மறுநாள் 100க்குத் திரும்பினால், 100இல் தொடங்கிய ஃபண்ட் 110க்கு ஏறி 97.78இல் நிற்கும்.

பங்கைக் கடன் வாங்கி விற்கும் எஸ்எல்பி 2008 முதல் இருக்கிறது. பெரும்பாலான பங்குகளில் கடன் கொடுக்க ஆளில்லை. மிச்சம், பங்கை விற்று அன்றே திரும்ப வாங்கும் இன்ட்ராடே ஷார்ட். அது ஒரு பங்கின் ஒரு நாள் மீதான பந்தயம், சந்தை மீதானது இல்லை. பங்கு அன்றைய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்க ஆள் இருக்காது, எக்ஸ்சேஞ்ச் நடத்தும் ஏலமான ஆக்‌ஷனில் வரும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். வரியிலும் இதற்குத்தான் அடி: இன்ட்ராடே நஷ்டத்தை ஸ்பெகுலேட்டிவ் (ஊக வணிக) லாபத்தில் மட்டுமே, அதுவும் 4 ஆண்டுக்குள் கழிக்க முடியும். ஃபியூச்சர், ஆப்ஷன் நஷ்டத்துக்கு 8 ஆண்டு அவகாசம் உண்டு.