ஸ்விங்கில் திரை மாற்றுவது: புது ஜேஃப்ரேமா, கார்டுலேஅவுட்டா, டேபா?

கல்லூரி புராஜெக்ட் ஆனாலும் சரி, கடைக்கு எழுதித் தந்த பில்லிங் மென்பொருள் ஆனாலும் சரி, ஜாவா ஸ்விங்கில் (ஜன்னல், பட்டன், பெட்டி எல்லாம் உண்டாக்க ஜாவா தரும் தொகுப்பு) எழுதியதென்றால் பாதை ஏறக்குறைய ஒன்றுதான்: லாகின், அப்புறம் முகப்பு, அங்கிருந்து பில், அங்கிருந்து அறிக்கை. ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஸ்விங்கில் நாலைந்து வழி இருக்கிறது. டெமோ காட்டும் நாளில் எல்லா வழியும் நன்றாகவே ஓடும். பாதி வேலையில் ஒருவர் வேறு திரைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் குட்டு உடையும். அதனால், எழுத எது சுலபம் என்பதை ஒதுக்கிவிட்டு, விட்டுவந்த திரையில் பாதி நிரப்பிய விவரம் என்ன ஆகிறது என்பதை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

மருந்துக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில்லில் 6 மருந்து ஏற்றியாகிவிட்டது. ஏழாவது இன்று காலை வந்த சரக்கு, ஸ்டாக்கில் இன்னும் ஏறவில்லை. பில்லை அப்படியே விட்டுவிட்டு ஸ்டாக் திரைக்குப் போய், பேட்ச் எண், காலாவதி மாதம், எம்ஆர்பி மூன்றையும் அடித்துச் சேமித்து, மறுபடி பில்லுக்கு வர வேண்டும். வாடிக்கையாளர் 500 ரூபாய் நோட்டை நீட்டியபடி நிற்கிறார்.

திரைக்கு ஒரு ஜேஃப்ரேம்

ஜேஃப்ரேம் என்பது ஒரு தனி ஜன்னல்; கீழே ஃபார்ம் என்பதும் அதுவே. பெரும்பாலோர் முதலில் எழுதுவது இதைத்தான். பட்டனுக்குள் இரண்டே வரி. புது ஃபார்மை உண்டாக்கி செட்விசிபிள் ட்ரூ (காட்டு). இருக்கும் ஃபார்முக்கு செட்விசிபிள் ஃபால்ஸ் (மறை) அல்லது டிஸ்போஸ் (அகற்றிவிடு). விஷுவல் பேசிக் 6 காலத்தில் ஒரு ஃபார்மை ஷோ செய்து இன்னொன்றை ஹைடு செய்து பழகிய கை, அப்படியே ஜாவாவுக்கும் வந்துவிட்டது. ஜாவா எழுத உதவும் நெட்பீன்ஸ் மென்பொருளில் ஜேஃப்ரேம் ஃபார்ம் மெனுவிலேயே தயாராக இருப்பதும் ஒரு காரணம்.

மருந்துக் கடையில் இது எப்படிப் போகும்? ஸ்டாக் ஃபார்மின் 'பின்செல்' பட்டனுக்குள் மறுபடி ஒரு புது பில் ஃபார்மை உண்டாக்கியிருந்தால், வருவது காலி பில். 6 மருந்தும் போச்சு. பழைய பில் ஃபார்மை டிஸ்போஸ் செய்யாமல் மறைத்து மட்டும் வைத்திருந்தால், அது யார் கண்ணிலும் படாமல் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். இதைச் சமாளிக்க விவரங்களை எல்லாம் ஸ்டாட்டிக் வேரியபிளில் (எல்லா ஃபார்முக்கும் பொதுவான ஒரே இடம்) போடுவார்கள். அடுத்த பில்லில் முந்தைய வாடிக்கையாளரின் பெயர் ஒட்டிக்கொண்டு வருவது அப்படித்தான்.

மூடும் பட்டனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜேஃப்ரேமின் இயல்பு, மூடினால் மறைந்துகொள்வது மட்டும்தான். ஜன்னல் போய்விடும், புரோகிராம் டாஸ்க் மேனேஜரில் ஓடிக்கொண்டே இருக்கும். நெட்பீன்ஸ் உண்டாக்கித் தரும் ஃபார்மோ இதற்கு நேர்மாறு: எக்ஸிட் ஆன் க்ளோஸ் என்ற வரி அதில் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். ஸ்டாக் ஃபார்மை மூடலாம் என்று மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால், பில்லோடு சேர்ந்து மொத்த புரோகிராமும் அணைந்துவிடும்.

இவை போக சின்னச் சின்ன எரிச்சல்கள். டாஸ்க்பாரில் வரிசையாகக் காபிக் கோப்பைப் படங்கள், எது பில் எது ஸ்டாக் என்று தெரியாது. பில் திரையைப் பெரிதாக்கி வைத்திருந்தாலும், அடுத்த ஃபார்ம் தனக்குக் கொடுத்த அளவில், இடத்தைச் சொல்லாவிட்டால் திரையின் இடது மேல் மூலையில் போய்த் திறக்கும்.

பல ஜன்னல் என்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எக்செல் 2013-இல் ஒவ்வொரு ஒர்க்புக்கும் தனி ஜன்னலுக்குப் போனது. இரண்டு மானிட்டரில் இரண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அது வரம். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் நேரெதிர் திசையில் வந்தது. கருவிப்பெட்டி ஒரு ஜன்னல், லேயர்கள் ஒரு ஜன்னல், படம் ஒரு ஜன்னல் என்று சிதறிக் கிடந்தது, 2012-இல் வந்த 2.8 பதிப்பில் ஒற்றை ஜன்னல் வசதியைப் பெற்றது, 2018-இல் 2.10 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாகிவிட்டது. தனித்தனி ஆவணம் என்றால் தனித்தனி ஜன்னல் சரி. ஒரே வேலையின் அடுத்தடுத்த படிகளுக்கு அது சரிப்படாது. மருந்துக் கடை பில்லும் ஸ்டாக்கும் இரண்டாவது வகை.

கார்டுலேஅவுட்

ஒரே ஜேஃப்ரேம். உள்ளே ஒவ்வொரு திரையும் ஒரு ஜேபேனல் (ஜன்னலுக்குள் வைக்கும் பலகை). எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, வேண்டியதை ஷோ என்று பெயர் சொல்லி மேலே கொண்டுவருவது. ஸ்விங்குக்கே மூத்தது இது. ஏடபிள்யூடி என்ற பழைய தொகுப்பின் காலத்திலிருந்து, ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

இதில் மறைந்த கார்டு அழிவதில்லை. பில்லை விட்டு ஸ்டாக் கார்டுக்குப் போய்த் திரும்பினால் 6 மருந்தும் போட்டது போட்டபடி இருக்கும், கர்சர் இருந்த இடத்தைத் தவிர. அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட முடியாது. இதன் தொல்லைகள் வேறு மாதிரி.

முதலாவது, பெயர். ஷோவுக்குக் கொடுக்கும் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டனை அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். பெயர்களை நேராக மேற்கோள் குறிக்குள் எழுதாமல் எனம் (enum, மாறாத பெயர்களின் பட்டியல்) ஆகவோ கான்ஸ்டன்ட்டாகவோ ஓரிடத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தேடல் மிச்சம்.

அடுத்தது, அளவு. கார்டுலேஅவுட் தனக்கு வேண்டிய அகல உயரத்தை எல்லாக் கார்டுகளிலும் பெரியதை வைத்தே கணக்கிடும். பில் திரை பெரிதென்றால், லாகின் திரைக்கும் அதே பெரிய இடம் கிடைக்கும். இரண்டு பெட்டியும் ஒரு பட்டனும் இழுபட்டு அசிங்கமாகத் தெரியும். லாகின் பகுதியை ஒரு சின்ன பேனலில் வைத்து, அதை கிரிட்பேக்லேஅவுட் போட்ட இன்னொரு பேனலுக்குள் வைத்தால் நடுவில் அடக்கமாக நிற்கும். லாகினை மட்டும் தனி டயலாக்காக வைப்பதும் நல்ல வழியே.

கார்டு மாறியதும் ஃபோகஸ் எங்கே போகும் என்பதையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பில்லுக்குத் திரும்பியதும் மருந்துப் பெயர்ப் பெட்டியில் கர்சர் நிற்காவிட்டால், ஒவ்வொரு முறையும் மவுஸைத் தேடுவார் கவுன்டர்க்காரர். கார்டு தெரிய வரும்போது காம்போனென்ட் ஷோன் நிகழ்வு கிடைக்கும். அதில் ரிக்வெஸ்ட் ஃபோகஸ் இன் விண்டோ என்று கேட்டுவிட்டால் போதும். என்டர் விசையும் இப்படித்தான். ஒரு ஜன்னலுக்கு ஒரு டிஃபால்ட் பட்டன்தான் உண்டு. லாகினுக்காக ஒரு பட்டனை டிஃபால்ட் ஆக்கியிருந்தால், கார்டு மாறும்போது அதையும் மாற்ற மறக்காதீர்கள்.

நெக்ஸ்ட், பிரீவியஸ் என்று இரண்டு மெத்தட் இருப்பதைப் பார்த்து, பிரீவியஸ் என்றால் பின்செல் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் கார்டுகளைச் சேர்த்த வரிசையில் முந்தையதை அது காட்டும், அவ்வளவே. முதல் கார்டில் நின்று அழுத்தினால் கடைசிக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். உண்மையான பின்செல் வேண்டுமென்றால் போன கார்டுகளின் பெயரை ஒரு ஸ்டாக்கில் நாமே போட்டு எடுக்க வேண்டும் (கடை ஸ்டாக் அல்ல, கடைசியில் போட்டதை முதலில் எடுக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர் ஸ்டாக்). அதற்கு ஜாவா தரும் அர்ரேடெக் ஒன்று இருந்தால் பத்துப் பதினைந்து வரியில் முடிகிற வேலை. டாலியில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சுகம் என்று சொல்லத் தேவையில்லை: வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஆல்ட்டும் சியும் அழுத்தினால் புது லெட்ஜர் திரை வரும், சேமித்ததும் விட்ட இடத்துக்கே திரும்பலாம், எஸ்கேப் எங்கிருந்தாலும் ஒரு படி பின்னால் கொண்டுவரும். நம் மருந்துக் கடைக்கு வேண்டியதும் இதேதான்.

கடைசியாக, எல்லாக் கார்டையும் தொடக்கத்திலேயே உண்டாக்கினால் புரோகிராம் திறக்கவே நேரம் பிடிக்கும். அதுவும் ஒவ்வொரு பேனலின் கன்ஸ்ட்ரக்டரிலும் (பேனல் உண்டாகும்போது ஓடும் பகுதி) டேட்டாபேஸ் கேள்வி இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் முறை கேட்கும்போது மட்டும் உண்டாக்கிச் சேர்த்துக்கொள்வது நல்லது.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது

ரிமூவ்ஆல் போட்டு இருப்பதைக் கழற்றி, புது பேனலைச் சேர்ப்பது. இதைப் பற்றிக் கேட்கும் எல்லோருக்கும் ஒரே அறிகுறி: 'புதுத் திரை வரவில்லை, ஆனால் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வருகிறது.' சேர்த்த பிறகு ரீவேலிடேட் (லேஅவுட்டை மறுபடி கணக்கிடு), அப்புறம் ரீபெயிண்ட் (மறுபடி வரை) இரண்டையும் அழைக்கவில்லை என்று பொருள். அளவு மாறும்போது ஸ்விங் தானாகவே லேஅவுட்டை மறுபடி கணக்கிடுவதால்தான் இழுத்ததும் தெரிகிறது.

அறிக்கைகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். நேற்றைய விற்பனையைப் பார்த்துவிட்டு மூடினால் அதை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை புதிதாகக் கணக்கிட்டுக் காட்டுவதுதான் சரி. கார்டாக வைத்திருந்தால் காலையில் திறந்த ஸ்டாக் பட்டியலே மாலையிலும் நிற்கும், மறக்காமல் புதுப்பித்தாலொழிய. ஆனால் கழற்றிய பேனலுக்குள் டைமர் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் திரையை விட்டுப் போனாலும் நினைவகத்தை விட்டுப் போகாது. பில் திரைக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

டேப், டயலாக், உள்ஜன்னல்

ஜேடேப்டுபேன், அதாவது மேலே டேப்களை அழுத்திப் பக்கம் மாற்றுவது, எழுத மிகச் சுலபம். விவரமும் பத்திரமாக இருக்கும். தொல்லை என்னவென்றால், பயனர் எந்த டேபுக்கு எப்போது வேண்டுமானாலும் தாவலாம். லாகின் ஒரு டேப், முகப்பு ஒரு டேப் என்று வைத்த புராஜெக்ட்களும் இருக்கின்றன; லாகின் செய்யாமலே முகப்பை அழுத்திவிடலாம். டேபை முடக்கிவைக்க வழி உண்டு என்றாலும், முடக்க வேண்டிய தேவை வந்துவிட்டாலே அது டேபுக்கான இடமில்லை. ஒரு நோயாளியின் முகவரி, மருந்து வரலாறு, பாக்கி என்று வரிசை முக்கியமில்லாத பக்கங்களுக்கு டேப் கச்சிதம். ஏழெட்டுக்கு மேல் போனால் இரண்டு வரிசையாக மடிந்து, பின்வரிசையை அழுத்தினால் வரிசைகளே இடம் மாறும். அதற்கு ஸ்க்ரோல் முறையாவது பரவாயில்லை. இன்னும் நல்லது, ஜாவா எழுத உதவும் இன்டெலிஜே ஐடியாவின் செட்டிங்ஸ் போல இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் அதற்கேற்ற பக்கம் என்று வைப்பது. ஸ்விங்கில் எழுதியதுதான் அதுவும்.

இந்த மூன்றில் நான் அதிகம் சிபாரிசு செய்வது மோடல் ஜேடயலாக், அதாவது மூடும் வரை பின்னால் இருப்பதைத் தொட விடாத சின்ன ஜன்னல். புது பேட்ச் போடுவது மூன்றே பெட்டி. அதற்கு முழுத் திரை எதற்கு? பில்லின் மேலேயே ஒரு சின்ன டயலாக் திறந்தால், பின்னால் 6 மருந்தும் கண்ணுக்குத் தெரியும். செட்விசிபிள் ட்ரூ என்ற வரி டயலாக் மூடும் வரை அங்கேயே காத்திருக்கும். மூடியதும் அடுத்த வரியில் பேட்ச் விவரத்தை எடுத்து ஏழாவது மருந்தாகச் சேர்த்துவிடலாம். ஸ்டாட்டிக்கும் வேண்டாம், பின்செல்லும் வேண்டாம். பில் ஜன்னலையே அதன் உரிமையாளராகக் கொடுங்கள், பில்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாது. டயலாக்கிலிருந்து இன்னொரு டயலாக், அதிலிருந்து மூன்றாவது என்று போனால் மட்டும், அது கார்டாக வேண்டிய திரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜேஇன்டர்னல்ஃப்ரேம், அதாவது ஜன்னலுக்குள் ஜன்னல்: பழைய மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும். புதிதாக எழுதுபவர் தொட வேண்டாம்.

ஸ்விங்குக்குப் பின் வந்த ஜாவாஎஃப்எக்ஸுக்குப் போனாலும் கேள்வி மாறுவதில்லை. (ஜாவா எழுதத் தேவையான ஜேடிகே தொகுப்பின் 11-ஆம் பதிப்பிலிருந்து அது தனியாகப் பிரிந்துவிட்டது, சேர்த்துக்கொள்வது நம் பொறுப்பு.) ஸ்டேஜுக்கு (ஜன்னல்) புதுப்புது சீனாக (scene, ஜன்னலின் உள்ளடக்கம்) மாட்டுவதைவிட, ஒரே சீனை வைத்துக்கொண்டு ரூட்டை (அதன் அடிப்படைப் பேனல்) மட்டும் மாற்றுவது மேல், ஜன்னலின் அளவு குதிக்காது. சி++ மொழிக்கான க்யூட்டி தொகுப்பில் கியூஸ்டாக்டுவிட்ஜெட் இருக்கிறது, கார்டுலேஅவுட்டின் தம்பி என்றே சொல்லலாம், பெரிய பக்கத்தின் அளவை எடுத்துக்கொள்ளும் குணம் உட்பட.

எந்த வழியானாலும் திரை மாற்றும் பட்டனுக்குள்ளேயே டேட்டாபேஸைத் தொடாதீர்கள். ஆறு மாத விற்பனையை அங்கே உட்கார்ந்து கூட்டினால், பட்டன் அழுந்திய நிலையிலேயே நிற்கும், ஜன்னல் உறைந்துவிடும், கவுன்டர்க்காரர் நாலு முறை மறுபடி அழுத்துவார். முதலில் திரையைக் காட்டி, 'கணக்கிடுகிறது' என்று ஒரு வரி போட்டு, மிச்சத்தை ஸ்விங்ஒர்க்கரிடம் (பின்னணியில் வேலை செய்யும் கிளாஸ்) விடுங்கள். அதோடு, பில்லில் ஏறிய மருந்துகள் திரையின் டேபிளில் மட்டும் இருக்கக் கூடாது. பில் என்று ஒரு தனி கிளாஸில் இருக்கட்டும். திரை அதைக் காட்டினால் போதும். அப்படி வைத்துவிட்டால் நாளை கார்டைக் கழற்றி டேபாக மாற்றினாலும் 6 மருந்தும் எங்கும் போகாது.

ஏற்கெனவே 20 ஜேஃப்ரேமோடு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் திருப்பி எழுத நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பழைய ஃபார்மை உண்டாக்குங்கள், ஆனால் காட்டாதீர்கள். அதன் கன்டென்ட் பேனை (உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் பேனல்) மட்டும் கெட்கன்டென்ட்பேன் மூலம் எடுத்து, உங்கள் கார்டு பேனலில் ஒரு கார்டாகச் சேருங்கள். உள்ளே இருக்கும் பெட்டிகளும் பட்டன்களும் அப்படியே வேலை செய்யும். மெனுபார் மட்டும் கூட வராது, அதைத் தனியாக முதன்மை ஜேஃப்ரேமில் வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஃபார்மிலும் அடுத்த ஃபார்மைத் திறக்கும் அந்த இரண்டு வரியைத் தேடி, கார்டு பெயரைச் சொல்லும் ஒரு வரியாக மாற்றுங்கள். பில் ஃபார்மில் தொடங்குங்கள். அறிக்கைகள் கடைசியில் இருக்கட்டும்.