26 அடி பென்சிலைவிடப் பெரியது: கெஸ்விக் பென்சில் அருங்காட்சியகம்

34 ஆண்டுகள் வரைபலகை முன்னால் நின்று கட்டட வரைபடம் போட்டவன் நான். கோட்டுக்கு 2எச், எழுத்துக்கு எச்பி. கோடு இழுக்கும்போது பென்சிலை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிக்கொண்டே வரவேண்டும். அப்போதுதான் முனை ஒரு பக்கமாகத் தேயாது. கோடு தொடங்கிய தடிமனிலேயே முடியும். கணினி வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது, விரல் பழக்கம் மட்டும் போகவில்லை. இங்கிலாந்தில் கெஸ்விக் என்ற சிற்றூரில் பென்சிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாள்முதல் மனத்தில் அந்த ஆசை இருந்தது. போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு போய்வந்தேன்.

கெஸ்விக்குக்கு ரயில் இல்லை. பென்ரித்தில் இறங்கி பஸ் ஏற வேண்டும். அன்று நல்ல மழை. அந்தப் பக்கத்தில் அது புதிதில்லை; பென்சில் கரி வெட்டியெடுத்த சீத்வெயிட், இங்கிலாந்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகம் கிரேட்டா ஆற்றை ஒட்டி இருக்கிறது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் கொண்டுவந்த வெள்ளம் உள்ளே புகுந்து, 2017இல்தான் மறுபடி திறந்தார்கள். இடம் சிறியதுதான். வேகமாக நடந்தால் அரைமணியில் வெளியே வந்துவிடலாம். தயவுசெய்து அப்படி நடக்காதீர்கள்.

நுழைவாயிலே ஒரு சுரங்கம். சீத்வெயிட் சுரங்கத்தைப் போலவே கட்டியிருக்கிறார்கள். 1500களில் ஒரு புயலில் மரம் வேரோடு சாய, அடியில் தெரிந்த கருங்கட்டிகளை எடுத்து மேய்ப்பர்கள் ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'வாட்'. ஈய வகை என்று நினைத்துக் 'கருப்பு ஈயம்' என்றும் சொன்னார்கள். அந்தத் தவறுதான் இன்றுவரை பென்சிலுக்குள் இருப்பதை 'லெட்' என்று நம்மைச் சொல்லவைக்கிறது. பென்சிலில் ஈயம் இல்லை. இருப்பது கிராஃபைட், அதாவது கரிமத்தின் ஒரு வடிவம்.

பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறம் பூசவும் அது பயன்பட்டதால் விலை ஏறியது, திருட்டும் பெருகியது. 1752இல் அதைத் திருடுவதைக் கடுங்குற்றமாக்கி நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. "பென்சில் திருடினால் ஜெயிலா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். அவள் வகுப்பில் தினமும் நடக்கிற குற்றமாயிற்றே!

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது பென்சில் செய்யும் முறை. இங்கிலாந்தோடு போர் மூண்டதில் பிரான்ஸுக்கு நல்ல கிராஃபைட் வரத்து நின்றுபோனது. கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டு எடுத்தார். 1795இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். களிமண் கூடினால் எச் பக்கம், கோடு கெட்டியாக, வெளிறி விழும். கிராஃபைட் கூடினால் பி பக்கம், மெத்தென்று கருமையாக விழும். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் என் 2எச் பென்சிலின் கூர்மையை அத்தனை ஆண்டுகளும் கிராஃபைட்டின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். எனக்குச் சோறு போட்டதில் களிமண்ணுக்குப் பாதிப் பங்கு உண்டு என்று அன்றுதான் உறைத்தது.

26 அடி நீள மஞ்சள் பென்சில் ஒன்று இருக்கிறது. 2001இல் செய்தது, எடை ஏறத்தாழ 446 கிலோ. எல்லோரும் அங்கேதான் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம்.

நீங்கள் நிற்கவேண்டியது வேறிடத்தில். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையினருக்காக கெஸ்விக் தொழிற்சாலையில் ரகசியமாகச் செய்த பென்சில் அது. யோசனை சார்ல்ஸ் ஃபிரேசர்-ஸ்மித் என்ற அதிகாரியுடையது. பகல் வேலையாட்கள் வீடு திரும்பிய பிறகு மேலாளர்களே வந்து செய்தார்களாம். முழுதாக முடிந்த பென்சிலை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து குடைந்தார்கள். உள்ளே மெல்லிய தாளில் அச்சிட்ட ஜெர்மனி வரைபடத்தைச் சுருட்டி வைத்தார்கள். மேலே சின்னஞ்சிறு திசைகாட்டி. அதன்மேல் தகரப் பூணும் ரப்பரும். முனைப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கிராஃபைட்டை விட்டுவைத்ததால் எழுதவும் எழுதும். எதிரி மண்ணில் விமானம் விழுந்து உயிர் பிழைத்தவன், ரப்பரைப் பிடுங்கி வழி பார்த்துக்கொள்ளலாம்.

பென்சிலின் குறுக்களவு எவ்வளவு என்று என் விரலுக்குத் தெரியும். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அந்த மரத்தைப் பிளக்காமல், வெளிப்பூச்சு கீறாமல் இரவு விளக்கில் குடைந்த கைகளை நினைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். நான் போட்ட வரைபடங்களெல்லாம் பென்சிலுக்கு வெளியே இருந்தவை. இங்கே வரைபடமே பென்சிலுக்குள் இருக்கிறது. பேத்தியைத் தூக்கிக் காட்டினேன். அந்தத் திசைகாட்டி அவள் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

படம் வரையும் பழக்கம் உள்ளவர்கள், கையால் ஏதாவது ஒரு தொழில் செய்தவர்கள் கட்டாயம் போகவேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். சுரங்கமும் பெரிய பென்சிலும் அவர்களைப் பிடித்துவைக்கும், நீங்கள் ஆற அமர மற்றதைப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, அவசரப்படத் தோன்றாது.

கடையில் 9பியிலிருந்து 9எச் வரை பென்சில்கள். பேத்தி வண்ணப் பென்சில் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். நான் 2எச் ஒன்று வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கத்தில் உருட்டிக்கொண்டே ஒரு கோடு இழுத்தேன். பஸ் குலுங்கியதில் நடுவில் ஒரு நெளிவு. தடிமன் மட்டும் மாறவில்லை.