க்னோம் 3 கிளப்பிய கோபமும் அதற்கு வந்த பதில்களும்: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ, யூனிட்டி ஓர் ஒப்பீடு

லினக்ஸ் கணினியில் பட்டை, மெனு, சாளரம் என்று நாம் திரையில் பார்க்கும் முகத்தை டெஸ்க்டாப் சூழல் என்பார்கள். அப்படிப்பட்ட சூழல்களில் ஒன்றான க்னோமின் 3.0 பதிப்பு 2011 ஏப்ரல் 6 அன்று வெளியானது. அடுத்த சில மாதங்களில் லினக்ஸ் பயனர்களிடையே எழுந்த கொதிப்பு, 2008-இல் இன்னொரு டெஸ்க்டாப் சூழலான கேடீஈ-யின் 4.0 பதிப்பு வந்தபோது நடந்ததை அப்படியே நினைவுபடுத்தியது. இன்று புதிதாக லினக்ஸ் நிறுவப் போகிறவர் முன்னால் வந்து நிற்கும் தேர்வுகளில் பல அந்தக் கொதிப்பில் பிறந்தவை, அல்லது அதனால் வளர்ந்தவை. ஆகவே இவற்றை வேகத்துக்கு இத்தனை, அழகுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று பயனர்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள், அதற்கு ஒவ்வொரு தரப்பும் என்ன பதில் சொன்னது என்று பார்த்தால், நமக்கு எது பொருந்தும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

க்னோம் 2-ஐப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேல்பட்டையின் இடது ஓரத்தில் அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம் என்று மூன்று மெனுக்கள். கீழ்ப்பட்டையில் திறந்திருக்கும் சாளரங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இந்த ஏற்பாடுதான் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் இயல்பாக வரும் முகமாக இருந்தது. சென்னையில் அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இதே முகம்தான்.

க்னோம் 3 இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. கீழ்ப்பட்டை போனது. மெனுக்கள் போயின. பட்டையில் நாம் செருகி வைத்திருந்த ஆப்லெட்டுகள் என்ற சிறு கருவிகள் போயின. டெஸ்க்டாப்பில் ஐகான்கள் காணாமல் போயின. சாளரத்தின் தலைப்பில் மூடும் பொத்தான் மட்டும் மிஞ்சியது. மினிமைஸ், மேக்சிமைஸ் பொத்தான்கள் இல்லை. அவர்கள் சொன்ன காரணத்தில் ஒரு நியாயம் இருந்தது. கீழ்ப்பட்டையே இல்லாதபோது சாளரத்தைச் சுருக்கி எங்கே வைப்பது? அதற்குப் பதிலாக இடது மேல் மூலைக்கு மௌஸைக் கொண்டுபோனால் திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களும் சிறிதாக விரிந்து தெரியும், அதில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் முன்பு கீழ்ப்பட்டையில் ஒரே சொடுக்கில் முடிந்த வேலைக்கு இப்போது கை திரையின் மூலை வரை போய்த் திரும்ப வேண்டும். நாள் முழுக்க ஐந்தாறு சாளரங்களுக்கு நடுவே மாறி மாறி வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

கணினியை அணைக்கும் விவகாரம்தான் உச்சம். வலது மேல் மூலையில் நம் பெயரைச் சொடுக்கினால் வரும் மெனுவில் ‘சஸ்பெண்ட்’ மட்டும் இருக்கும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் அந்த வரி ‘பவர் ஆஃப்’ என்று மாறும். திரையில் இதற்கு எந்தக் குறிப்பும் கிடையாது. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் போகிறவரை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. யுபிஎஸ்ஸை நம்பி மேசைக் கணினி ஓட்டுபவர், வேலை முடிந்ததும் முழுதாக அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவரை யாரும் யோசிக்கவில்லை. 2012-இல் 3.6 பதிப்பில்தான் பவர் ஆஃப் வெளிப்படையாக மெனுவுக்குத் திரும்பியது.

லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2011-இல் க்னோம் 3-ஐப் பொதுவெளியில் கடுமையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் சூழலுக்கு மாறினார். பிறகு 2013 வாக்கில் எக்ஸ்டென்ஷன்களின் (இல்லாத வசதிகளைச் சேர்க்கும் சிறு நிரல்கள்) துணையோடு க்னோமுக்கே திரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

மனிதர்களுக்கு மாற்றமே பிடிக்காது, கொஞ்ச நாள் கத்திவிட்டுப் பழகிக்கொள்வார்கள் என்று அப்போது பலர் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அன்றைய புகார்களை வாசித்தால் தோற்றம் புதிது என்பதற்காகத் திட்டியவர்கள் குறைவு. தோற்றத்தைப் பாராட்டியவர்களே கணிசமாக இருந்தார்கள். கோபம் எல்லாம் ஒரே இடத்தில்தான் குவிந்தது: நான் தினமும் பயன்படுத்திய ஒன்றை எடுத்துவிட்டீர்கள், வேண்டும் என்பவர் திரும்ப வைத்துக்கொள்ள அமைப்புகளில் ஒரு வழியாவது விட்டிருக்கலாமே! மினிமைஸ் பொத்தானைத் திரும்பக் கொண்டுவரவே தனியாக ட்வீக் டூல் என்ற நிரலை நிறுவ வேண்டியிருந்தது.

இந்தக் கேள்விக்கு முதலில் பதிலாக வந்திருக்க வேண்டியது உபுண்டு தனக்கென உருவாக்கிய முகமான யூனிட்டி. உபுண்டு இனி க்னோம் ஷெல்லுக்கு (க்னோம் 3-இன் புதிய முகம்) பதில் யூனிட்டியோடு வரும் என்று உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனம் 2010 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. 2011 ஏப்ரல் 28-இல் 11.04 பதிப்பு அப்படியே வந்தது. இடது ஓரத்தில் ஐகான்கள் அடுக்கிய லாஞ்சர், எந்தச் செயலி ஓடுகிறது என்று காட்டும் சின்ன அம்புக்குறி, மினிமைஸ் பொத்தான் எல்லாம் இருந்தன. ஆனாலும் க்னோம் 3-க்குக் கிடைத்த அதே வசவுதான் இதற்கும் கிடைத்தது. காரணம் பிடிவாதம். லாஞ்சரைக் கீழே நகர்த்திக்கொள்ள அனுமதி கேட்டவர்களுக்கு 16.04 வரை, அதாவது ஐந்து ஆண்டுகள், வழி பிறக்கவில்லை. அதற்குள் 2012-இல் 12.10 பதிப்பில் நம் கணினிக்குள் தேடும்போதே அமேசான் பொருட்களும் முடிவுகளில் வந்து நின்றன. தனியுரிமையை மதிக்கும் மக்களிடம் இது ஏற்படுத்திய காயம் ஆறவே இல்லை என்பேன்.

ஆனால் யூனிட்டியில் இருந்த ஒன்றுக்கு ஈடாக இன்றுவரை எதையும் நான் பார்க்கவில்லை. 12.04-இல் வந்த ஹட் என்ற வசதி அது. ஆல்ட் விசையை ஒருமுறை தட்டினால் மேலே ஒரு பெட்டி வரும். அதில் மெனுவில் உள்ள கட்டளையின் பெயரில் பாதியைத் தட்டினாலே போதும். படம் திருத்தும் கிம்ப் செயலியில் ‘பிளர்’ என்று தட்டினால் மெனுவுக்குள் மெனுவாகப் புதைந்திருக்கும் பிளர் கருவிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 2017 ஏப்ரலில் கனோனிக்கலின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் யூனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்தபோது இதுவும் சேர்ந்தே போனது. ஆர்வலர்கள் உபுண்டு யூனிட்டி என்ற பெயரில் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் தினசரி வேலைக்கு அதை நம்பி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயனர்களின் புகாருக்கு நேராகக் காது கொடுத்தது லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகை. 2011 நவம்பரில் வந்த மின்ட் 12-இல் க்னோம் 3-இன் மேலேயே எக்ஸ்டென்ஷன்களை ஏற்றி, கீழ்ப்பட்டையையும் மெனுவையும் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒட்டுவேலை சரிவராது என்று தெரிந்ததும் க்னோம் ஷெல்லின் நிரல்மூலத்தையே எடுத்துத் தனித் திட்டமாகக் கிளை பிரித்துச் சின்னமனை உருவாக்கினார்கள், 2013-இல் 2.0 பதிப்போடு அது தனிக்காலில் நின்றது. அடியில் புதிய நுட்பம், மேலே பழக்கப்பட்ட ஏற்பாடு. க்னோம் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியது. அது தேவையே இல்லை என்று சின்னமன் காட்டியது.

கோப்பு மேலாளரில் இந்த வித்தியாசம் இன்னும் துல்லியமாகத் தெரியும். க்னோமின் நாட்டிலஸில் எஃப்3 விசையைத் தட்டினால் ஒரே சாளரம் இரண்டாகப் பிரியும்; இந்தப் பக்கம் ஒரு கோப்புறை, அந்தப் பக்கம் ஒரு கோப்புறை, நடுவே கோப்புகளை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். திருமணப் படங்களை மெமரி கார்டிலிருந்து தரம் பிரித்து அடுக்குபவருக்கு அது உயிர்நாடி. 2012-இல் 3.6 பதிப்பில் அதையும் எடுத்தார்கள். உபுண்டுவே புதிய நாட்டிலஸை ஏற்காமல் 12.10-இல் பழைய 3.4-ஐ வைத்துக்கொண்டது. மின்ட் இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டிலஸைக் கிளை பிரித்து நெமோ என்று வெளியிட்டது. நெமோவில் எஃப்3 இன்றும் வேலை செய்கிறது.

மாட்டேயின் கதை வேறு. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஓர் ஆர்ச் லினக்ஸ் பயனர், க்னோம் 2-இன் நிரல்மூலத்தை அப்படியே எடுத்து 2011-இல் உயிரோடு வைத்துக்கொள்ளத் தொடங்கினார். க்னோம் 3-உடன் மோதாமல் இருக்க நாட்டிலஸ் காஜாவாகவும், உரை எழுதும் செயலியான ஜிஎடிட் புளூமாவாகவும் பெயர் மாறின. பெயரைத் தவிர எல்லாம் அதேதான்: இரண்டு பட்டை, மூன்று மெனு. எதையும் மறுபடி கற்க வேண்டாம் என்பவருக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. விலை எங்கே என்றால், பழைய வீட்டைக் காப்பாற்றுவதிலேயே அவர்கள் உழைப்பின் பெரும்பகுதி போனது. பொத்தான், மெனு போன்றவற்றை வரையும் நிரல்தொகுப்பான ஜிடிகே-யின் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கு முழுதாக மாறி முடிக்கவே 2017-இல் வந்த 1.18 வரை ஆனது.

எக்ஸ்எஃப்சிஇ எந்தப் பதிலும் சொல்லவில்லை. 1996-இலிருந்து தன் பாட்டுக்கு வளர்ந்து வந்த திட்டம். 2011-இல் எதையும் மாற்றாமல் இருந்ததாலேயே அகதிகளாக வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது. 4.12-க்கும் 4.14-க்கும் இடையே நாலரை ஆண்டுகள். சிலருக்கு இது குறை. நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில், காலையில் திறந்தால் நேற்று இருந்தபடியே இருக்க வேண்டும் என்பவருக்கு இதுதான் நிம்மதி.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் க்னோம் எப்படி நிலைத்தது? பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். டெபியன் 2013-இல் தன் இயல்புத் தேர்வை எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாற்றிப் பார்த்துவிட்டு 2014-இல் க்னோமுக்கே திரும்பியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள். பார்வையற்றவர்கள் நம்பியிருக்கும் ஓர்கா திரைவாசிப்பான் க்னோமில்தான் நன்றாகப் பொருந்தி வேலை செய்கிறது. மற்றவற்றில் மினிமைஸ் பொத்தான் இருக்கிறது என்று மகிழும் நாம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் தட்டுபவர்களுக்கும் க்னோம் ஒரு நல்லது செய்தது. அதே 3.6-இல், பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் என்ற நிரலை அமைப்புகளுக்குள்ளேயே இணைத்தார்கள். பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவிவிட்டு, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையைச் சேர்த்தால் போதும். சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை), ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் தமிழ், திரும்பத் தட்டினால் ஆங்கிலம். எக்ஸ்எஃப்சிஇ-யிலும் மாட்டேயிலும் ஐபஸ்ஸைத் தனியாக அமைத்து, உள்நுழையும்போதே அது ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்தால் முடிந்தது, ஆனால் புதியவர் பெரும்பாலும் அங்கேதான் திணறுகிறார்.

க்னோமின் பலவீனம் எக்ஸ்டென்ஷன்கள். எடுத்துவிட்ட ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டுவர ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டு: கீழ்ப்பட்டைக்கு ஒன்று, டெஸ்க்டாப் ஐகானுக்கு ஒன்று, பின்னணியில் ஓடும் செயலிகளின் சின்னங்களைக் காட்டும், 3.26-இல் எடுக்கப்பட்ட சிஸ்டம் ட்ரேக்கு ஒன்று. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய க்னோம் வரும்போது இவற்றில் எது ஓடும், எது படுக்கும் என்று சொல்ல முடியாது. 2023-இல் க்னோம் 45 எக்ஸ்டென்ஷன்கள் எழுதும் முறையையே மாற்றியதால், திருத்தி எழுதாத பழைய எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட அதில் ஓடவில்லை. தன்னார்வத்தில் அவற்றை எழுதிக் கொடுப்பவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உபுண்டு இதைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது: இடது ஓர டாக், டெஸ்க்டாப் ஐகான்கள், ட்ரே எல்லாவற்றையும் எக்ஸ்டென்ஷனாகத் தானே சேர்த்துச் சோதித்துத் தருகிறது. க்னோம் வேண்டும், ஆனால் இவையும் வேண்டும் என்றால் உபுண்டு வழியாகப் போவதே நல்லது. ஃபெடோராவில் வருவது ஏறக்குறைய எதையும் சேர்க்காத க்னோம். மூலைக்குப் போகும் பழக்கமும் விசைப்பலகைப் பழக்கமும் வந்துவிட்டவர்களுக்கு அதுவே போதும்.

விண்டோஸிலிருந்து வரும் அப்பாவுக்கோ சித்திக்கோ நிறுவிக் கொடுப்பதாக இருந்தால் நான் யோசிக்காமல் சின்னமனைத்தான் சொல்வேன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு. முதல் நாளிலேயே அவர்கள் யாரையும் கூப்பிட மாட்டார்கள். பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ. மாட்டே, க்னோம் 2-ஐ விரும்பியவருக்கு மட்டும். புதிதாக வருபவர் அதைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள். சாளரங்களைத் திரையில் காட்டும் அடிப்படை அமைப்பான பழைய எக்ஸ்11-ஐ விட்டு, அதற்குப் பதிலாக வந்த வேலேண்டுக்குப் போகும் பயணத்தில் இங்கே ஒப்பிட்டவற்றில் க்னோம்தான் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. 2025-இல் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டது. சின்னமனில் 6.0 முதலும், எக்ஸ்எஃப்சிஇ-யில் 4.20 முதலும் வேலேண்ட் சோதனை நிலையில் இருக்கிறது. ஒரே திரையில் வேலை செய்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மடிக்கணினியின் அடர்த்தியான திரையோடு சாதாரண மானிட்டரையும் இணைத்து, இரண்டிலும் எழுத்து ஒரே அளவில் தெரிய வேண்டும் என்பவர் இன்றைக்கு இவற்றில் க்னோமைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், மினிமைஸ் பொத்தானைத் திரும்ப வைக்கும் சிரமத்தையும் சேர்த்து.