வசந்தகாலப் பயணத்தில் வால் ட்ரக்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தை ஐ-90 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிக் கடப்பவர்கள், வால் என்னும் சிற்றூரை அடைவதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே அவ்வூரின் பெயரைப் படித்தபடி வருகிறார்கள். ஐந்து சென்ட்டுக்குக் காபி, இலவச ஐஸ் தண்ணீர், கர்ஜிக்கும் டைனோசர் என்று புல்வெளியோரத்துப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ எழுநூறு பேர் மட்டுமே வாழும் ஊரில் உள்ள வால் ட்ரக் (Wall Drug, அதாவது ‘வால் மருந்துக்கடை’) என்ற கடைக்கு இவ்வளவு விளம்பரம் தகுமா என்று கேட்டால், வசந்தகாலத்தில் செல்பவருக்கு நிச்சயமாகத் தகும் என்பதே என் பதில்.

இக்கடையின் கதை தெரிந்தால்தான் அதன் பலகைகளின் பொருள் விளங்கும். மருந்தாளுநரான டெட் ஹஸ்டெட் 1931 டிசம்பரில் இந்த மருந்துக்கடையை வாங்கினார். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கியிருந்த அந்நாட்களில், ஐந்து ஆண்டுகள் முயன்று பார்ப்பது என்று அவரும் மனைவி டோரதியும் முடிவு செய்திருந்தனர். கெடு முடியும் தறுவாயில், 1936 கோடையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையில் ஓயாமல் செல்லும் கார்களின் இரைச்சலால் உறக்கம் கெட்ட டோரதி, அந்த வெயிலில் பயணம் செய்பவர்களுக்கு வேண்டியது குளிர்ந்த நீர்தானே, அதை இலவசமாகத் தருவதாகச் சாலையோரத்தில் எழுதி வைத்தால் என்ன என்று யோசித்தார். பலகைகளை நட்டுவிட்டு டெட் திரும்பி வருவதற்குள்ளேயே கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த கோடையில் எட்டுப் பெண்களை வேலைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று.

கோடைக்கென்று பிறந்த யோசனையின் அருமை எனக்கு விளங்கியது வசந்தகாலத்தில்தான். இப்பகுதியில் ஏப்ரல் மாதம் பனிப்பொழிவுக்குப் பெயர்பெற்றது. மே மாதத்திலும் பனி பெய்வதுண்டு. காலையில் மேல்சட்டை தேவைப்படாத வெயிலும், நண்பகலில் இடியும் ஆலங்கட்டி மழையும், மாலையில் பனியும் ஒரே நாளில் வரக்கூடும். மேற்கே உள்ள ஸ்பியர்ஃபிஷ் நகரில் 1943 ஜனவரி 22 அன்று இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை 49 பாரன்ஹீட் டிகிரி உயர்ந்தது என்ற பதிவு இந்நிலத்தின் இயல்பை நன்கு உணர்த்தும். பனிப்புயலின்போது நெடுஞ்சாலையை மூடுவதற்கென்றே நுழைவாயில்களில் தடுப்புக் கதவுகள் அமைத்திருக்கிறார்கள். மரமும் மறைப்பும் இல்லாத புல்வெளியில், பக்கவாட்டிலிருந்து அடிக்கும் காற்றோடு போராடியபடி காரோட்டி வந்தவருக்கு, கூரைக்குள்ளேயே கடை கடையாக நீண்டு செல்லும் இந்த இடம் பெரிய ஆறுதல். புத்தகக்கடை, தோல் காலணிக்கடை, பயணிகளுக்கான சிறு தேவாலயம், உணவுக்கூடச் சுவர்களை நிறைத்திருக்கும் மேற்குப் பகுதி ஓவியங்கள் என்று வெளியே மழை ஓயும்வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த ஓவியங்களைப் பலர் சாப்பாட்டு அவசரத்தில் கவனிக்காமல் போகிறார்கள். எனக்கு இங்கே மிகவும் பிடித்தவை அவையே.

ஐந்து சென்ட் காபி வெறும் விளம்பரம் அன்று; இன்றும் அதே விலைதான். பெட்டியில் காசைப் போட்டுவிட்டு நாமே ஊற்றிக்கொள்ளலாம். சுவையில் அது சாதாரணக் காபிதான், ஆனால் அதனுடன் வாங்கும் டோனட் அப்படியன்று: வெளிப்புறம் சற்று மொறுமொறுப்பாகவும் உள்ளே கனமாகவும் இருக்கும் அதற்காகவே வண்டியை நிறுத்தலாம். உணவகத்தில் மாட்டிறைச்சியும் காட்டெருமை இறைச்சியும்தான் முதன்மையானவை என்பதால், சைவ உணவினருக்குத் தேர்வுகள் குறைவு; அவர்கள் கையில் ஏதேனும் கொண்டுசெல்வது நல்லது. நினைவுப்பொருள் பகுதியைப் பற்றி என் கருத்து கடுமையானது. எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்கும் சாவிக்கொத்துகளும் கோப்பைகளும் அங்கே நிறைந்திருக்கின்றன, இந்த நிலத்துக்கே உரிய கைவினைப்பொருளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முயலின் உடலும் மானின் கொம்பும் கொண்ட ஜாக்கலோப் என்ற கற்பனை விலங்கின் பெரிய சிலை பின்முற்றத்தில் நிற்கிறது. குழந்தைகள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் முற்றம் திறந்தவெளி என்பதால் மழை விட்ட நேரமாகப் பார்த்துச் செல்ல வேண்டும்.

வானம் தெளிந்தால் கடையில் தங்கிவிடக் கூடாது. பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் 240-ஆம் எண் சாலை, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் 131-ஆம் வெளிவழியில் (எக்ஸிட்) பிரிந்து, அரிக்கப்பட்ட வண்ண மண்குன்றுகளின் ஊடே வளைந்து வால் ஊரிலேயே வந்து சேர்கிறது. மழைக்குப் பிறகு அக்குன்றுகளின் செம்மண் பட்டைகள் அடர்ந்து தெரிவது வசந்தத்தின் தனிக் கொடை. எனினும் அம்மண் நனைந்தால் பசைபோல் ஒட்டி வழுக்கும். நடைபாதைகளையும் சேஜ் கிரீக் சரளைச் சாலையையும் ஈரம் காயும்வரை தவிர்ப்பதே அறிவுடைமை. 116-ஆம் வெளிவழியில், பனிப்போர்க்காலத்து மினிட்மேன் என்ற அணு ஏவுகணையின் நிலத்தடிக் கிடங்கைக் கண்ணாடி மூடி வழியாகக் காணலாம். கிழக்கே மிட்செல் நகரில் உள்ள, மக்காச்சோளக் கதிர்களால் சுவரோவியம் அமைக்கும் கார்ன் பேலஸை வசந்தத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அவ்வோவியங்கள் குளிர்காலத்தையும் பறவைகளையும் தாண்டி வந்து களையிழந்திருக்கும்.

மாநிலத்தின் கிழக்கே உள்ள சூ ஃபால்ஸ் நகரிலிருந்து வால் வரை சுமார் 460 கிலோமீட்டர் தூரம். மர்டோ ஊரைத் தாண்டியதும் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளலாம். புறப்படுமுன் மாநிலத்தின் 511 என்ற சாலைத் தகவல் சேவையில் சாலை நிலையைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் பாதிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, கம்பளிச் சட்டையையும் மழைச்சட்டையையும் பின்னிருக்கையில் கைக்கெட்டும்படி வைத்திருங்கள். ஈஸ்டர் நாளில் செல்வதாக இருந்தால், கடை திறந்திருக்குமா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.